உளத்துணை விலங்கு

உளத்துணை விலங்கு என்பது, மனநலம் சார்ந்த இயலாமை உடைய ஒருவருக்குத் தன் உடனிருப்பினாலேயே ஆறுதல் அளித்து, அவரது அறிகுறிகளைத் தணிக்க உதவும் விலங்கு ஆகும். இது உணர்வு ஆதரவு விலங்கு எனவும் அழைக்கப்படுகின்றது. பெரும்பாலும் நாயும் பூனையுமே இவ்வாறு வைத்துக்கொள்ளப்படுகின்றன. எனினும் முயல், பறவை, பன்றி, ஆமை போன்றவையும் இப்பெயரில் வளர்க்கப்பட்டுள்ளன. பார்வையற்றோருக்கு உதவும் வழிகாட்டி நாயைப் போல இவ்விலங்கு குறிப்பிட்ட பணி எதற்கும் பயிற்றுவிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இக்கருத்து ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களை ஒட்டி உருப்பெற்றது. கடைகள், உணவகங்கள், வானூர்திகள், வாடகைக் குடியிருப்புகள் ஆகியவற்றில் இவ்விலங்குகளை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பது பற்றி அந்நாட்டில் 2010களில் பெரும் விவாதம் எழுந்தது. இவ்விவாதத்தின் அடியில் இரண்டு கேள்விகள் உள்ளன. கண்ணுக்குப் புலப்படாத ஓர் இயலாமையை யார், எவ்வாறு உறுதிப்படுத்துவது என்பது முதலாவது. ஒருவருக்கு விலங்கு தேவை என்பது உறுதியானாலும், அந்த விலங்கு மக்கள் கூடும் இடத்துக்கு ஏற்றதா என்பதை யார் உறுதிப்படுத்துவது என்பது இரண்டாவது.

## தொடர்புடைய வகைகள்

மனிதருக்கு உதவும் விலங்குகள் பொதுப் பேச்சில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. ஆனால் அமெரிக்கச் சட்டத்திலும் நடைமுறையிலும் அவை வேறுபடுத்தப்படுகின்றன.

- சேவை விலங்கு: இயலாமை உடைய ஒருவருக்காகக் குறிப்பிட்ட பணியைச் செய்யத் தனியாகப் பயிற்றுவிக்கப்பட்ட விலங்கு. பார்வையற்றவருக்கு வழிகாட்டுதல், காது கேளாதவருக்கு ஒலிகளை உணர்த்துதல், சக்கர நாற்காலியை இழுத்தல் ஆகியவை இத்தகைய பணிகள்.
- உளநோய்ச் சேவை நாய்: இதுவும் சேவை விலங்கே. மருந்து உட்கொள்ளும் நேரத்தை நினைவூட்டுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் செயலைத் தடுத்தல், பேரச்சத் தாக்கம் வரப்போவதை உணர்ந்து அதற்கென்று பழக்கப்பட்ட செயலைச் செய்தல் போன்ற பணிகளுக்குப் பயிற்றுவிக்கப்படுகின்றது.
- உளத்துணை விலங்கு: பணிப் பயிற்சி அற்றது. அதன் உடனிருப்பே பயன்.
- சிகிச்சை விலங்கு: மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி முதலிய இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பலருக்கும் ஆறுதல் தரும் விலங்கு. அந்நிறுவனங்களின் அழைப்பின் பேரிலேயே இது அங்கு செல்கின்றது.
- செல்லப்பிராணி: மேற்கண்ட எவ்வகையிலும் சேராத வளர்ப்பு விலங்கு.

இவற்றுள் உளநோய்ச் சேவை நாய்க்கும் உளத்துணை நாய்க்கும் இடையேயான வேறுபாடே பெரிதும் குழப்பம் தருகின்றது. இரண்டின் உரிமையாளரும் ஒரே நோய் உடையவராக இருக்கலாம். உரிமையாளர் பதற்றமுறும்போது அதை அறிந்து, பழக்கப்பட்டபடி அவரை அவ்விடத்தைவிட்டு அழைத்துச் செல்லும் நாய் சேவை விலங்கு ஆகும். அவர் மடியில் படுத்திருப்பதனாலேயே அவரது பதற்றம் குறையுமானால் அந்த நாய் உளத்துணை விலங்கு ஆகும்.

## வரலாறு

இயலாமை உடையோருக்கு உதவ நாய்களை முறையாகப் பயிற்றுவிக்கும் வழக்கம் முதல் உலகப் போரின்போது செருமனியில் தொடங்கியது. போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி நிறுவப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்ற பயிற்சி நிறுவனம் 1929இல் தொடங்கப்பட்டது.

விலங்கின் உடனிருப்பே மனநலத்துக்கு உதவும் என்ற கருத்து இதிலிருந்து தனித்து வளர்ந்தது. போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்கக் குழந்தை உளவியலாளர், யாருடனும் பேசாது ஒதுங்கியிருந்த ஒரு சிறுவன் தம் வளர்ப்பு நாயான ஜிங்கிள்சுடன் இயல்பாகப் பழகியதைக் கவனித்தார். நாயைச் சிகிச்சையின் துணையாகக் கொள்ளலாம் என்று அவர் 1961இல் உளவியலாளர் மாநாட்டில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் இது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். விலங்குத் துணைச் சிகிச்சை என்னும் துறைக்கு அவரது பணி தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

லெவின்சன் குறிப்பிட்டது சிகிச்சை அறைக்குள், உளவியலாளரின் முன்னிலையில் இருக்கும் விலங்கு ஆகும். நோயாளி தம் வீட்டிலும் பயணத்திலும் உடன் வைத்துக்கொள்ளும் விலங்கு என்ற கருத்து, 1980களுக்குப் பின்னர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டங்கள் விரிவடைந்தபோது உருப்பெற்றது.

## சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் ஒரே விலங்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு நடுவண் சட்டங்களின் கீழ் வருகின்றது. பொதுமக்களிடையே நிலவும் குழப்பத்துக்கு இது முதன்மையான காரணம் ஆகும்.

### கடைகளும் பிற பொது இடங்களும்

கடைகள், உணவகங்கள், திரையரங்குகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்துகின்றது. இச்சட்டத்தின் கீழ் நீதித்துறை வகுத்த தொடக்க விதிகளில், பயிற்சி பெற்ற எந்த விலங்கும் சேவை விலங்காக இருக்க இடம் இருந்தது. மார்ச் 15, 2011 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகள், சேவை விலங்கு என்பது பயிற்றுவிக்கப்பட்ட நாய் மட்டுமே என்று வரையறுத்தன. சிறுவகைக் குதிரைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. உணர்வு ஆதரவு, ஆறுதல், தோழமை ஆகியவை 'பணி' ஆகமாட்டா என்றும் இவ்விதிகள் வெளிப்படையாகக் கூறுகின்றன. எனவே உளத்துணை விலங்கைக் கடைக்குள் அனுமதிக்க வேண்டிய கடமை இந்நடுவண் சட்டத்தில் இல்லை. கடைக்காரர் விரும்பினால் அனுமதிக்கலாம்.

நாய் ஒன்றுடன் வருபவரிடம், அது சேவை விலங்கு என்பது வெளிப்படையாகத் தெரியாதபோது, ஊழியர் இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்கலாம்.

1. இயலாமை ஒன்றின் காரணமாகத் தேவைப்படும் சேவை விலங்கா இது?
2. எந்தப் பணியைச் செய்ய இது பயிற்றுவிக்கப்பட்டுள்ளது?

என்ன நோய் என்று கேட்கக்கூடாது. சான்றிதழ் கேட்கக்கூடாது. பணியைச் செய்து காட்டுமாறும் கேட்கக்கூடாது. உரிமையாளரே நாயைப் பயிற்றுவித்திருக்கலாம். அரசுப் பதிவேடோ அதிகாரமுறைச் சான்றிதழோ நடுவண் சட்டத்தில் கிடையாது. அதேவேளை, நாய் கட்டுக்கடங்காது நடந்து உரிமையாளர் அதைக் கட்டுப்படுத்தாவிட்டாலோ, அது மலசலப் பழக்கம் பெறாததாக இருந்தாலோ, உண்மையான சேவை விலங்கே ஆயினும் அதை வெளியேற்றுமாறு கூறலாம். அதாவது, இச்சட்டம் தாள் ஆதாரத்தை நாடாமல் விலங்கின் நடத்தையை அளவுகோலாகக் கொள்கின்றது.

### குடியிருப்புகள்

வாடகை வீடுகளுக்கு 1968ஆம் ஆண்டின் நியாயமான குடியிருப்புச் சட்டம் பொருந்துகின்றது. 1988இல் செய்யப்பட்ட திருத்தம் இயலாமை உடையோருக்கும் இதன் பாதுகாப்பை விரிவாக்கியது. இதன்படி, இயலாமை உடையவர் வீட்டைப் பிறருக்கு நிகராகப் பயன்படுத்தத் தேவையான நியாயமான விதிவிலக்குகளை உரிமையாளர் அளித்தல் வேண்டும். 'விலங்குகளுக்கு அனுமதி இல்லை' என்ற விதியிலிருந்து உளத்துணை விலங்குக்கு அளிக்கும் விலக்கும் இதனுள் அடங்கும் என்று கொள்ளப்பட்டு வந்துள்ளது. இவ்வாறு ஏற்கப்பட்ட விலங்குக்குச் செல்லப்பிராணிக் கட்டணம் வாங்கும் வழக்கம் இல்லை. உரிமையாளரும் வசிக்கும், நான்குக்கு மேற்படாத வீடுகளைக் கொண்ட கட்டிடங்கள் போன்ற சிலவற்றுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. குறிப்பிட்ட ஒரு விலங்கு பிறருக்கு நேரடி ஆபத்தை விளைவிக்குமானால் அதை மறுக்கவும் இடமுண்டு.

இயலாமை வெளிப்படையாகத் தெரியாதபோது மருத்துவர் அல்லது மனநல வல்லுநரின் கடிதத்தைக் கேட்கலாம். இணையத்தில் பணம் செலுத்தி வாங்கப்படும் சான்றிதழ் மட்டுமே போதிய ஆதாரம் ஆகாது என்று நடுவண் வீட்டுவசதித் துறை ஜனவரி 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறியது.

பல்கலைக்கழக விடுதிகளும் இவ்விவாதத்தில் சிக்கின. கார்னியில் உள்ள நெப்ராசுக்காப் பல்கலைக்கழகம், மாணவி ஒருவர் சிறிய நாய் ஒன்றை விடுதியில் வைத்துக்கொள்ள அனுமதி மறுத்தது. மாணவர் குடியிருப்புக்கும் நியாயமான குடியிருப்புச் சட்டம் பொருந்தும் என்று நடுவண் மாவட்ட நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 2015இல் அப்பல்கலைக்கழகம் 1,40,000 டாலர் வழங்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. இதன் பின்னர் பல கல்லூரிகள் இத்தகைய வேண்டுகோள்களுக்கான நடைமுறைகளை வகுத்தன.

### வானூர்திகள்

வானூர்திப் பயணத்துக்கு 1986ஆம் ஆண்டின் வானூர்திச் சேவை அணுக்கச் சட்டம் பொருந்துகின்றது. இதன் கீழான முந்தைய விதிகளின்படி, பயணி ஒருவர் மனநல வல்லுநரின் கடிதத்தைக் காட்டித் தம் உளத்துணை விலங்கைக் கட்டணமின்றிப் பயணியர் அறைக்குள் கொண்டுசெல்ல முடிந்தது. கடிதம் ஓராண்டுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். 48 மணி நேர முன்னறிவிப்பையும் நிறுவனம் கேட்கலாம். பாம்பு போன்ற ஊர்வன, கொறிணிகள், சிலந்திகள் ஆகியவற்றை மறுக்க நிறுவனங்களுக்கு உரிமை இருந்தது.

அக்கடிதம் பயணியின் நிலையையே சான்றுரைத்தது. விலங்கு கூட்டத்துக்குப் பழகியதா, கடிக்குமா, பல மணி நேரம் அமைதியாக இருக்குமா என்பன பற்றி அதில் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதிய வல்லுநர் அவ்விலங்கைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மறுபுறம், சாதாரணச் செல்லப்பிராணியை அறைக்குள் கொண்டுசெல்ல ஒரு வழிக்கு நூறு டாலர் அளவிலான கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கிலும் கடிதங்கள் பெறப்படுகின்றன என்று நிறுவனங்கள் குற்றஞ்சாட்டின.

## சர்ச்சைக்கு உள்ளான நிகழ்வுகள்

2014 அக்டோபரில் 'த நியூயார்க்கர்' இதழில் பாட்ரிசியா மார்க்சு என்ற எழுத்தாளர் இது பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினார். ஆமை, பாம்பு, வான்கோழி, அல்பாக்கா, பன்றி ஆகியவற்றை உளத்துணை விலங்குகள் என்று கூறி அருங்காட்சியகம், கடை, பேருந்து முதலிய இடங்களுக்கு அவர் கொண்டுசென்றார். ஊழியர்கள் பலர் சட்டம் எது என்று தெரியாமல் அனுமதித்ததை அக்கட்டுரை நகைச்சுவையுடன் வெளிப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், கனெடிகட் மாநிலத்தின் பிராட்லி வானூர்தி நிலையத்தில், பயணி ஒருவர் கொண்டுவந்த பன்றி இடையூறு விளைவித்ததால் இருவரும் புறப்பாட்டுக்கு முன்னரே இறக்கப்பட்டனர்.

2017 ஜூனில் அட்லாண்டாவிலிருந்து சான் டியேகோ செல்லவிருந்த டெல்டா நிறுவன வானூர்தியில், உளத்துணை நாய் ஒன்று பக்கத்து இருக்கைப் பயணியை முகத்தில் கடித்துக் காயப்படுத்தியது. 2018 ஜனவரியில் நியூவார்க் வானூர்தி நிலையத்தில், மயில் ஒன்றுடன் வந்த பயணியை யுனைட்டட் நிறுவனம் ஏற்க மறுத்தது. மயிலின் எடையும் உருவமும் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று அந்நிறுவனம் விளக்கியது. இந்நிகழ்வின் படங்கள் உலகெங்கும் பரவின.

'ஏர்லைன்ஸ் ஃபார் அமெரிக்கா' என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு அளித்த மதிப்பீட்டின்படி, 2016இல் 4,81,000 ஆக இருந்த உளத்துணை விலங்குப் பயணங்கள் 2017இல் 7,51,000 ஆக உயர்ந்தன. விலங்குகள் சிறுநீர் கழித்தல், கடித்தல் முதலிய நிகழ்வுகள் 2016க்குப் பின் 84 விழுக்காடு கூடியதாக டெல்டா நிறுவனம் 2018 ஜனவரியில் அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் முதல், உளத்துணை விலங்கு நன்கு நடந்துகொள்ளும் என்று உரிமையாளர் கையொப்பமிட்ட படிவத்தையும் அது கேட்கத் தொடங்கியது. மனிதரின் தேவையுடன் விலங்கின் நடத்தைக்கும் உறுதிமொழி கோரப்பட்டமை இம்மாற்றத்தின் குறிப்பிடத்தக்க கூறு ஆகும்.

## 2020ஆம் ஆண்டின் விதிமாற்றம்

நடுவண் போக்குவரத்துத் துறை 2016இலேயே மாற்றுத்திறனாளர் அமைப்புகள், வானூர்தி நிறுவனங்கள் முதலியவற்றின் சார்பாளர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. கழிவறை வசதி உள்ளிட்ட சிலவற்றில் உடன்பாடு கண்ட இக்குழுவால் சேவை விலங்கு பற்றிய வரையறையில் உடன்பாடு காண முடியவில்லை.

2020இல் துறை வெளியிட்ட வரைவு விதிக்கு 15,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. இறுதி விதி 2020 டிசம்பரில் வெளியாகி ஜனவரி 11, 2021 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

- வானூர்தியிலும் சேவை விலங்கு என்பது பயிற்சி பெற்ற நாய் மட்டுமே.
- உளத்துணை விலங்கைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கடமை நிறுவனங்களுக்கு இல்லை. அதைச் செல்லப்பிராணியாகக் கருதலாம்.
- உளநோய்ச் சேவை நாயும் பிற சேவை நாய்களும் சமமாகவே நடத்தப்படுதல் வேண்டும். முன்னர் உளநோய்ச் சேவை நாய்க்கும் கடிதம் கேட்கப்பட்டு வந்தது.
- நாயின் உடல்நலம், பயிற்சி, நடத்தை பற்றிப் பயணி உறுதியளிக்கும் படிவத்தை நிறுவனம் கேட்கலாம். பொய்யுரைத்தல் நடுவண் குற்றம் என்ற எச்சரிக்கை அதில் இடம்பெற்றது.

இதைத் தொடர்ந்து அமெரிக்காவின் பெரிய வானூர்தி நிறுவனங்கள் உளத்துணை விலங்குகளை அப்பெயரில் ஏற்பதை நிறுத்தின.

## விவாதத்தின் தரப்புகள்

### ஆதரவுத் தரப்பு

மனநோய் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அதன் துன்பம் குறைந்தது ஆகாது என்பது ஆதரவாளர்களின் அடிப்படை வாதம் ஆகும். சக்கர நாற்காலியில் வருபவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. கடும் மனச்சோர்வு உடையவரோ ஒவ்வொரு இடத்திலும் தம் நோயை அந்நியரிடம் விளக்க நேர்கின்றது. சேவை நாயைத் தொழில்முறையில் பயிற்றுவிக்கப் பல்லாயிரம் டாலர் செலவாகின்றது. பயிற்சி நிறுவனங்களில் நீண்ட காத்திருப்பும் உண்டு. எனவே பயிற்சியை நிபந்தனையாக்குவது வசதியற்றோரைப் பாதிக்கும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். தனித்து வாழும் ஒருவருக்கு, வீடு வேண்டுமா விலங்கு வேண்டுமா என்ற தெரிவே கொடுமையானது என்பதால், குடியிருப்புப் பாதுகாப்பை அவர்கள் மிக முக்கியமாகக் கருதுகின்றனர்.

### சேவை விலங்குகளைப் பயன்படுத்துவோர்

மறுப்புத் தரப்பில் முன்னணியில் நின்றோருள் மாற்றுத்திறனாளிகளும் இருந்தனர் என்பது இவ்விவாதத்தின் சிறப்பான கூறு ஆகும். பயிற்சியற்ற நாய் ஒன்று வழிகாட்டி நாயைத் தாக்கினால், அந்நாய் அச்சமுற்றுப் பணிக்கே உதவாது போகலாம். அதனை நம்பியிருப்பவர் தம் நடமாட்டத்தை இழக்கின்றார். மேலும், போலி விலங்குகளைக் கண்டு சலித்த கடைக்காரர்கள் உண்மையான சேவை நாயுடன் வருபவரையும் ஐயத்துடன் நோக்குகின்றனர். ஒருவர் சொல்லும் பொய்யின் விலையை வேறொருவர் செலுத்த நேர்கின்றது.

எனினும் இத்தரப்பினர் எல்லாரும் கடுமையான சான்றுமுறையை விரும்பினர் என்று கூற முடியாது. 2020ஆம் ஆண்டின் விதியில் உள்ள படிவங்களுக்கும் மாற்றுத்திறனாளர் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஏமாற்றுவோரைத் தடுக்கக் கொண்டுவரப்படும் ஒவ்வொரு தாளும் ஏமாற்றாதவருக்கும் சுமையாகின்றது என்பதே அவர்களது கவலை.

### ஒவ்வாமை உடையோர்

விலங்கு ஒவ்வாமையும் ஈளை நோயும் உடையோருக்கு இது உடல்நலச் சிக்கல் ஆகும். இரண்டு தரப்பினரும் மாற்றுத்திறனாளர் சட்டங்களின் துணையை நாடும் நிலையும் ஏற்படலாம். அயோவா மாநில உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்த்த வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

அயோவா சிட்டி நகரில், விலங்குகளுக்கு அனுமதி இல்லை என்பதை அறிந்தே ஒரு கட்டிடத்தில் கடும் ஒவ்வாமை உடைய ஒருவர் குடியேறினார். பின்னர் அங்கு வந்த மற்றொருவர் உளத்துணை நாய்க்கு அனுமதி கோரினார். கட்டிட உரிமையாளர் நாயை அனுமதித்து, இருவரையும் வெவ்வேறு படிக்கட்டுகளைப் பயன்படுத்துமாறு கூறினார். காற்றுத் தூய்மிப்பான் ஒன்றையும் வாங்கித் தந்தார். ஆயினும் ஒவ்வாமை தணியவில்லை. முதலில் ஒப்பந்தம் செய்தவரின் உரிமைக்கே முன்னுரிமை உண்டு என்றும், நாயை அனுமதித்தது அச்சூழலில் நியாயமான விலக்கு ஆகாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்முடிவு அவ்வழக்கின் செய்திகளுக்கு மட்டுமே உரியது என்றும் அது தெளிவுபடுத்தியது. உரிமையாளர் இருவரிடமும் நல்லெண்ணத்துடன் நடந்தும் ஒருவர் பாதிக்கப்படுவதைத் தவிர்க்க இயலவில்லை.

கடைகள் போன்ற பொது இடங்களில் நிலைமை வேறு. அங்கு ஒவ்வாமையோ நாய் பற்றிய அச்சமோ சேவை விலங்கை மறுக்கப் போதிய காரணம் ஆகாது. இருவரையும் இடைவெளி விட்டு அமரச் செய்தல் போன்ற வழிகளையே நீதித்துறை பரிந்துரைக்கின்றது.

### பணியாளர்களும் விலங்குகளும்

வாசலில் நிற்கும் ஊழியரே முடிவெடுக்க வேண்டியவராகின்றார். தவறாக மறுத்தால் நிறுவனம் வழக்கைச் சந்திக்கலாம். தவறாக அனுமதித்தால் பிற வாடிக்கையாளர் பாதிக்கப்படலாம். இவ்வச்சத்தினால் பல இடங்களில் எவரிடமும் எதுவும் கேட்கப்படுவதில்லை.

விலங்கின் நலனும் கருதப்படுகின்றது. கூட்டமும் இரைச்சலும் பழகாத விலங்குக்கு வானூர்தி நிலையம் அச்சமூட்டும் இடமாகும். கடித்தல், மலங்கழித்தல் ஆகியவை பெரும்பாலும் அவ்வச்சத்தின் வெளிப்பாடுகளே. 2023 செப்டம்பரில் பிலடெல்பியா நகரின் அடிப்பந்தாட்ட அரங்கில் உளத்துணை முதலை ஒன்றுக்கு நுழைவு மறுக்கப்பட்டது பேசுபொருளானது. காட்டு உயிரினங்களை இவ்வாறு கொண்டுசெல்வது அவற்றுக்கு நன்மையா என்ற கேள்வி இத்தகைய நிகழ்வுகளின்போது எழுகின்றது.

## கடிதம் பற்றிய சிக்கல்

இணையவழியில் சில வினாக்களுக்கு விடையளித்துப் பணம் செலுத்துவோருக்குக் கடிதமும், அடையாள அட்டையும், நாய்க்கு அணிவிக்கும் மேலாடையும் அனுப்பும் வணிகம் 2010களில் பெருகியது. இவ்வட்டைகளுக்கும் 'தேசியப் பதிவு' எண்களுக்கும் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. நடுவண் அரசு அத்தகைய பதிவேடு எதையும் நடத்துவதில்லை.

நேர்மையான மருத்துவரிடமும் சிக்கல் உண்டு. ஜெப்ரி யங்கிரன் முதலிய உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், சிகிச்சை அளிப்பவரே சான்றும் அளிப்பது இருவேறு பொறுப்புகளைக் கலப்பதாகும் என்று சுட்டிக்காட்டினர். சிகிச்சையாளர் நோயாளியின் சொல்லை நம்பி அவர் பக்கம் நிற்பவர். சான்றளிப்பவரோ நடுநிலையுடன் சோதிக்க வேண்டியவர். கடிதம் தர மறுத்தால் நோயாளி சிகிச்சையையே கைவிடக்கூடும் என்ற தயக்கமும் சிகிச்சையாளருக்கு ஏற்படலாம்.

## ஆய்வுச் சான்றுகள்

விலங்குகளுடன் பழகுவது மன அழுத்தத்தைக் குறைக்கின்றது என்று கூறும் ஆய்வுகள் பல உள்ளன. ஆனால் உளத்துணை விலங்கு ஒன்றைத் தொடர்ந்து உடன் வைத்திருப்பதன் மருத்துவப் பயனை முறையாக அளந்த ஆய்வுகள் குறைவு.

அமெரிக்க முன்னாள் படையினர் நலத்துறை நடத்திய ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தச் சீர்குலைவு உடைய 181 முன்னாள் படையினருள் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி பெற்ற சேவை நாய்களும் மற்றவருக்கு உளத்துணை நாய்களும் வழங்கப்பட்டன. 2021இல் வெளிவந்த முடிவுகளின்படி, அன்றாட இயக்கத்திலும் பொதுவான வாழ்க்கைத் தரத்திலும் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. நோயின் அறிகுறிகளில் சேவை நாய் பெற்றோர் ஓரளவு கூடுதலான முன்னேற்றம் கண்டனர். நாய் பெறாத ஒப்பீட்டுக் குழு இவ்வாய்வில் இல்லாததால், நாய் ஒன்றை வைத்திருப்பதே எவ்வளவு உதவியது என்பதை இதிலிருந்து அறிய இயலாது.

## மாநிலச் சட்டங்கள்

செல்லப்பிராணியைச் சேவை விலங்கு என்று பொய்யாகக் கூறுவதை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் குற்றமாக்கியுள்ளன. புளோரிடா மாநிலம் 2015இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. எனினும் ஊழியர் இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்க இயலாத நிலையில், பொய்யை மெய்ப்பிப்பது கடினம்.

கலிபோர்னியா மாநிலம் வேறு வழியைப் பின்பற்றியது. ஜனவரி 1, 2022 முதல் நடைமுறையில் உள்ள அதன் சட்டம், உளத்துணை நாய்க்கான கடிதம் அளிக்கும் முன்னர் மருத்துவ வல்லுநருக்கும் நோயாளிக்கும் இடையே குறைந்தது 30 நாள் தொடர்பு இருத்தல் வேண்டும் என்கின்றது. நாய்களையும் மேலாடைகளையும் விற்போர், அவை சேவை நாய்க்கான உரிமைகளைத் தரமாட்டா என்று எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். இச்சட்டம் விலங்குடன் வருபவரைவிடக் கடிதமும் பொருளும் விற்பவரையே முதன்மையாகக் கட்டுப்படுத்துகின்றது.

## பிற நாடுகளில்

- ஐக்கிய இராச்சியம்: 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பயிற்சி பெற்ற உதவி நாய்களைக் குறிப்பிடுகின்றது. உளத்துணை விலங்கு என்ற தனி வகை அதில் இல்லை.
- சப்பான்: 2002ஆம் ஆண்டின் சட்டம் வழிகாட்டி நாய், செவித்துணை நாய், உடல் இயக்கத்துக்கு உதவும் நாய் என மூன்று வகைகளை மட்டும் ஏற்கின்றது.
- ஆசுதிரேலியா: 1992ஆம் ஆண்டின் இயலாமைப் பாகுபாட்டுச் சட்டம், இயலாமையின் விளைவைத் தணிக்கவும், பொது இடத்துக்கு ஏற்ற தூய்மையுடனும் நடத்தையுடனும் இருக்கவும் பயிற்றுவிக்கப்பட்ட விலங்கை உதவி விலங்கு என்கின்றது. இவ்வரையறையில் மனிதரின் தேவை, விலங்கின் நடத்தை ஆகிய இரண்டும் ஒருங்கே இடம்பெறுகின்றன.

## இவற்றையும் பார்க்க

- வழிகாட்டி நாய்
- விலங்குத் துணைச் சிகிச்சை
- மாற்றுத்திறனாளர் உரிமைகள்
- அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தச் சீர்குலைவு